சிவப்புக் காரின் பானட்டுக்குள்

அன்னூரில் தன் வீட்டு வாசலில் நிற்கும் சிவப்புக் காரின் பானட்டுக்குள் பொற்கொடி குனிந்திருக்கிறாள். பத்து மணி வெயில் முதுகில் சுடுகிறது. அவளுடைய அண்ணன் தமிழ்ச்செல்வன், காரை வாங்க ஒருவரைக் கையோடு கூட்டி வந்திருக்கிறார். "நாப்பது வயசுல உனக்கு ரேஸ் எதுக்கு அம்மணி? ஊரே சிரிக்குது. பேசாம வண்டியக் குடுத்துப்போடு." அவள் நிமிரவில்லை. என்ஜினுக்குக் காற்று கொண்டுவரும் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியை அசைத்து அசைத்துக் கழற்றித் தரையில் வைக்கிறாள். "என்ற சம்பளத்துல வாங்குனதுங்ணா. விக்கறதுன்னா நாஞ் சொல்லோணும்." வந்தவர் எட்டிப் பார்க்கிறார். "ஏனுங்க, கம்பெனி சாமானைக் கழட்டீட்டா எனக்கு வேண்டாமுங்க." "அதுக்குத்தானுங்க இன்னிக்கே கழட்டறேன்." ரேஸ் வண்டிகளுக்குப் போடும் பளபளக்கும் அலுமினியக் குழாயை என்ஜின் வாயில் செருகுகிறாள். அதன் மறுநுனியில் கூம்பு வடிவத்தில் புது ஃபில்டர் இருக்கிறது. குழாய் மூட்டின் ரப்பரைச் சுற்றிய கிளாம்பை முறுக்க முறுக்க அது இறுகுகிறது. ஸ்குரூடிரைவர் வழுக்கி விரல் மூட்டில் தோல் உரிகிறது. ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இன்னொரு சுற்று முறுக்குகிறாள். பிறகு உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறாள். என்ஜின் காற்றை உறிஞ்சி உறுமுகிறது. வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் அதிர்கின்றன. தமிழ்ச்செல்வனின் வாய் அசைகிறது, பேச்சு கேட்கவில்லை. வந்தவர் தன் ஸ்கூட்டரை நோக்கி நடக்கிறார். பொற்கொடி காலை எடுக்கிறாள், உறுமல் தணிகிறது. இறங்கி முன்பக்கம் வருகிறாள். அண்ணனின் கை இன்னும் காரின் விளிம்பில் ஊன்றியிருக்கிறது. "பானட்டை மூடோணுங்ணா," என்கிறாள் மெதுவாக. "கையை எடுங்க."