வாசற்கதவின் சந்தேகம்

மண்டபத்திலிருந்து மணமக்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது வாசற்கதவு திறக்கவில்லை. வீட்டுக்காரர் மனதார அழைத்தால் மட்டுமே வெளியாரை உள்ளே விடும் கதவு அது. எங்கள் தெருவில் எல்லோரும் இப்போது அதைத்தான் மாட்டியிருக்கிறார்கள்.

நான் முறைப்படி கைகூப்பி, "வாங்க மாப்பிள்ளை, இது உங்க வீடு" என்றேன்.

"குரலில் மனம் சேரவில்லை" என்றது கதவு.

சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா, நல்லாச் சொல்லுங்கப்பா" என்றாள் என் மகள் பூங்கோதை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடி சொன்னேன், பிறகு சிரித்துக்கொண்டும் சொன்னேன். கதவு அசையவில்லை.

"இந்தப் பையன் வேண்டாம்னு ஒரு வருஷமா வீட்டுக்குள்ள புலம்பினீங்கல்ல? அதுக்கும் காது இருக்கு" என்று என் மனைவி சௌந்தரம் எல்லார் காதிலும் விழும்படி முணுமுணுத்தாள்.

மாப்பிள்ளை இளவரசு வேட்டி கட்டிப் பழகாதவர். "பரவாயில்ல மாமா, நாங்க லாட்ஜ்ல தங்கிக்கிறோம்" என்று சொல்லி, என் காலில் விழக் குனிந்தார். வேட்டி நழுவியது. எதிர்வீட்டு ராஜாமணி மாடியில் நின்று எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

நான் பாய்ந்து வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "ஐயோ, நிமிராதீங்க மாப்ளே! அப்படியே உள்ள வாங்க! அந்த ராஜாமணி பாக்குறான். நம்ம குடும்ப மானம் என்னாவுறது?" என்று அலறினேன்.

கதவு திறந்துகொண்டது.

வேட்டியை விடாமல் பிடித்தபடியே அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். வலது காலா இடது காலா என்று யாரும் பார்க்கவில்லை.