தணிகாசலம் பார்த்த வீடு

வக்கீல் தணிகாசலத்துக்கு போன் போட்டுப் போட்டே, அவருடைய காலர் ட்யூனைச் சுருதி பிசகாமல் பாடக் கற்றுக்கொண்டுவிட்டான் நோயல். மனிதர் எடுத்தால்தானே.

நோயலுக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டும் வேலை. திருவொற்றியூர் கடலோரத்தில் மீன் வியாபாரி கெங்கம்மாவின் வீட்டை அவன் வாங்க, ஒரு கடன் கம்பெனி பணம் தரச் சம்மதித்திருந்தது. ஆனால் கம்பெனியின் பட்டியலில் இருக்கும் வக்கீல் ஒருவர் பத்திரங்களைப் படித்து, வீட்டையும் நேரில் போய்ப் பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசிக்குள் பத்திரம் பதிவாகவில்லை என்றால் கடன் ரத்து.

அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் ராயபுரத்தில், பிரியாணிக் கடை மாடியில், நோயல் தவம் கிடந்தான்.

தணிகாசலத்தின் ஆபீசை ஆபீஸ் என்று சொன்னால் மற்ற ஆபீசுகள் மானநஷ்ட வழக்குப் போடும். மலையாகக் குவிந்த ஃபைல்களுக்கு நடுவே ஒரு பூனை பரம்பரை பரம்பரையாகக் குடித்தனம் நடத்தியது. கெங்கம்மாவின் மூலப் பத்திரம் காணாமல் போய், ஊரெல்லாம் தேடி, கடைசியில் வக்கீல் பகல் தூக்கம் போடும் பெஞ்சில் தலையணைக்கு அடியில் கிடைத்தது. கிரயப் பத்திரத்தின் நகலில் வாங்குபவர் பெயர் ‘காலஞ்சென்ற நோயல்’ என்று இருந்தது. கேட்டதற்கு, வேறொரு கேஸிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்றார். என்றைக்காவது உண்மையாகப் போகிற சமாசாரம்தானே என்று ஆறுதலும் சொன்னார்.

கெங்கம்மா இன்னொரு பக்கம். பதிவு தள்ளிப்போகப் போக, மாடிப்படியில் நின்றுகொண்டு நோயலைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். வீட்டைக் கேட்டு காசிமேடு வரைக்கும் க்யூ நிற்கிறதாம். வக்கீலைக் கண்டால் மட்டும் அவள் குரல் வெல்லப்பாகாகிவிடும். வரும்போதெல்லாம் அவருக்கென்று வஞ்சிரம் தனியாக வெட்டிக் கொண்டுவருவாள்.

நோயலோடு லாரி ஓட்டும் சுஃபியானுக்கு அந்த வஞ்சிரத்தின் வாசனை உடனே பிடிபட்டது.

“மாமு, வக்கீலும் அந்தம்மாவும் கூட்டு. உன்ன மொட்ட அடிக்கப் போறாங்கோ. லிஸ்ட்டுல அத்தினி பேரு கீறாங்க, நீ இன்னாத்துக்கு இந்தத் தூங்குமூஞ்சியப் போய்ப் புட்ச்ச?”

“ராசியான கைன்னாங்கோ, தோஸ்து,” என்றான் நோயல், பச்சைக் குழந்தை மாதிரி.

சுஃபியான் விடவில்லை. அதே மாடியில் எதிர் அறையில் ஆலிஸ் என்றொரு வக்கீலம்மா இருந்தார். கமாவைக்கூட இரண்டு தடவை படிப்பவர் என்று பெயர். நோயலைத் தரதரவென்று இழுத்துக் கொண்டுபோய் அவர் முன்னால் உட்கார வைத்தான். கதையைக் கேட்ட ஆலிஸ் கொதித்துப் போனார். ஃபீஸ் வேண்டாம், இப்போதே போய் வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஸ்கூட்டி சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

நோயல் பதறி எழுந்தான். தணிகாசலம் சார் மனசு நொந்துவிடும், பெரிய மனிதர் என்று கும்பிட்டுக்கொண்டே படியிறங்கி ஓடிவிட்டான். இப்படி ஒரு வெள்ளந்தியைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்று ஆலிஸ் தலையில் அடித்துக்கொண்டார். சுஃபியான் அழாத குறை.

மாதக் கடைசி நெருங்கியதும் தணிகாசலம் ஒரு வழியாகப் பேனா மூடியைத் திறந்தார். வீட்டைப் பார்க்கக் கிளம்பலாமா, ஆட்டோ கூப்பிடட்டுமா என்று நோயல் ஏகப்பட்ட மரியாதையோடு கேட்டான். வக்கீல் ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்தார். தன் தொப்பையைப் பார்த்தார். தூங்கும் பூனையைப் பொறாமையோடு பார்த்தார்.

“வீட்டு வரி கட்டியிருக்காங்கல்ல?”

“பாக்கியே கெடையாது சார்.”

“அப்புறம் என்னப்பா? வரி கட்டின வீடு எழுந்து எங்க போயிடப் போவுது?” என்றவர், கடமை தவறாதவராக இன்னொரு கேள்வியும் கேட்டார். “தண்ணி வசதி எப்படி?”

“தண்ணிக்குக் கொறவே இல்ல சார்.”

‘நேரில் சென்று பார்வையிட்டேன். கட்டடம் உறுதியாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த உழைப்பின் களைப்பில் பெஞ்சில் சாய்ந்தார் தணிகாசலம்.

பதிவு ஆபீசில் கெங்கம்மாவும் நோயலும் ஜென்ம விரோதிகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று கைரேகை வைத்தார்கள். கம்பெனியின் செக் கெங்கம்மாவின் சுருக்குப் பைக்குள் போயிற்று. சாட்சிக் கையெழுத்துப் போட வந்த சுஃபியான், வீட்டுச் சாவியை வாங்கினாயா என்று நோயலின் காதைக் கடித்தான். அப்புறம் தருவார்களாம் என்றான் நோயல். சோலி முடிந்தது என்று மனதுக்குள் முடிவு கட்டிய சுஃபியான், நண்பனுக்குத் தன் காசில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் துக்கத்தோடு கிளம்பினான்.

அன்று சாயங்காலம், திருவொற்றியூரில் அலைக்குத் தடுப்பாகக் கொட்டியிருந்த கருங்கற்கள் மேல், கெங்கம்மாவும் நோயலும் உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள்.

“தவணை கட்டலன்னு கம்பெனிக்காரன் வூட்ட ஜப்தி பண்ண வந்தா இன்னா பண்றது அத்த?” என்று கேட்டான் நோயல்.

கெங்கம்மா கடல் பக்கமாகக் கையை நீட்டினாள்.

“வரட்டும் மருமவனே. அதோ, ஒரு போட்டு ஆடிக்கினு கீது பாரு, அதுக்கு நேர் கீழதான் நம்ம ஹாலு. நீச்சல் தெரிஞ்சவனாப் பாத்து அனுப்பச் சொல்லு.”