ஓர் எழுத்து வித்தியாசம்

மூன்றாவது முறையாக வார்டு வாசல்வரை வந்து திரும்பினாள்.

உள்ளே தனியறையில் அப்பா. காசநோய் என்று சேர்த்து ஒரு மாதமாகிறது. அதே ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில்தான் அவளுக்கு வேலை.

சளியிலிருந்து வளர்த்த கிருமியின் மரபணுவை எழுத்து விடாமல் படித்துச் சொல்ல வேண்டும். எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று அதில் தெரிந்துவிடும். பல நேரம், யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்பதும்.

காலையில் வந்த முடிவில் இரண்டு மாதிரிகள் ஒட்டிப் பிறந்தவை போலிருந்தன. நாற்பத்து நான்கு லட்சம் எழுத்துகளில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். அந்தப் புது எழுத்து யாருடைய கிருமியில் இருக்கிறதோ, அவருக்குத்தான் பின்னால் தொற்றியது.

மாதிரிகளில் பெயர் இருக்காது, எண்தான். ஓர் எண் அப்பாவுடையது. அவளே கொண்டுவந்து கொடுத்த சளி டப்பா, மறக்குமா?

இன்னொன்று யாருடையது என்று களப்பணியாளர் போனில் சொன்னார். மேல்மாடி வார்டில் இருக்கும் அச்சகக்காரர். இருவரும் ஒருவரையொருவர் தெரியவே தெரியாது என்று சாதிக்கிறார்களாம். மாதக்கணக்கில் ஒரே அறைக் காற்றைச் சுவாசிக்காமல் இப்படி ஒத்துப்போகாதே என்று அவருக்குக் குழப்பம்.

அவளுக்குக் குழப்பமில்லை. அச்சகக்காரர் அவளுடைய சித்தப்பா.

பதினேழு வருடங்களுக்கு முன் வீட்டைப் பாகம் பிரித்த அன்று, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அண்ணனும் தம்பியும் சத்தியம் செய்தார்கள். இனி இவனோடு பேசினால் நான் ஒரே அப்பனுக்குப் பிறந்தவன் இல்லை என்று. அதன்பின் சித்தப்பா பேச்சை எடுத்தாலே அம்மா சாப்பாட்டிலிருந்து எழுந்துவிடுவாள்.

முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டு நான்காம் முறை கதவைத் தள்ளினாள். நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள்.

அப்பா சுவரைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். அவளைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார்.

"பேசலம்மா. சத்தியமா ஒரு வார்த்தை பேசல. கேரம்தான் ஆடினோம்."

சனிக்கிழமைதோறும். அச்சகத்தின் பின்பக்கம், ஜன்னலே இல்லாத காகிதக் கிடங்கில். இரண்டு வருடமாகப் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர். அவர் வாயில் அடைத்த பல் ஒன்றுகூடக் கிடையாது என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

சிவப்புக் காயைப் போட்டால்கூட வாயைத் திறக்க மாட்டார்களாம். விரலைக் காட்டியே கணக்கு. கடைசி ஆறு மாதமாக அந்த அறையில் கேட்ட ஒரே மனிதச் சத்தம் இருமல்தான். யார் முதலில் இருமினார் என்று அவருக்கு நினைவில்லை.

சொல்லி முடித்ததும் அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து உட்கார்ந்தார். படுத்தார். போர்வை நுனியைத் திருகித் திருகிக் கயிறாக்கினார்.

"எங்கிட்டருந்து அவனுக்குப் போச்சா, அவங்கிட்டருந்து எனக்கு வந்துச்சா?"

சித்தப்பாவிடமிருந்துதான் உங்களுக்கு வந்தது என்றாள், ஒரு நொடிகூடத் தயங்காமல்.

அப்பா கண்ணை மூடி நீளமாக மூச்சுவிட்டார். போர்வை நுனி விரலிலிருந்து நழுவியது.

அரை மணி நேரத்துக்கு முன், மேல்மாடியில், சித்தப்பாவும் இதையேதான் கேட்டிருந்தார். அப்பாவிடமிருந்துதான் என்ற பதிலைக் கேட்டதும் அவருக்கும் இதே நிம்மதி.

அவரிடம் அவள் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.