காய்ச்சல் இல்லாத ஊசி

ஊசி வேண்டாம் என்று காசி சொன்னதும் டாக்டர் ரேணுகாதேவி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் நம்பாததில் வியப்பில்லை. காசி என் மனைவியின் தம்பி. ஊசி போடாத டாக்டரை டாக்டராகவே மதிக்காதவன். அதற்கு முந்தின மாதம் அவனுடைய சளிக்கு வெறும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள் என்று ஜமுனாமரத்தூர் கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திட்டியவன்.

அன்றைக்கும் மகள் சிவசங்கரியின் இருமலுக்கு ஊசி கேட்டுத்தான் வந்திருந்தான். துணைக்கு என்னையும் இழுத்து வந்தான். சந்தை நாளில் மட்டும் திருப்பத்தூரிலிருந்து மலையேறி வரும் குழந்தைகள் டாக்டர் ரேணுகாதேவி.

“இருமலுக்கு மருந்தே போதும். ஆனா பொண்ணுக்குப் பதினோரு வயசாவுது. பின்னாடி கர்ப்பப்பை வாயில புத்துநோய் வராம இருக்க ஒரு ஊசி இருக்கு. இன்னிக்கு ஒண்ணு, ஆறு மாசம் கழிச்சு இன்னொண்ணு.”

காசி நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தான்.

“காய்ச்சலே இல்லாத புள்ளைக்கு இன்னாத்துக்கும்மா ஊசி?”

“ஏன்டா, உனக்குன்னா தும்மினாலே ரெண்டு கேப்பியே,” என்றேன்.

“நீ சும்மா இரு மாமா.”

“காட்டுப்பன்னி பூந்து சாமையைத் தின்னப்புறம்தான் கொல்லைக்கு வேலி கட்டுவியா?”

சிவசங்கரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் முறைத்தான்.

“இத்தப் போட்டா நாளைக்குப் புள்ள பொறக்காதாம். எங்க தெரு ராஜாக்கண்ணு சொன்னான்.”

“என் பொண்ணுக்கே போட்டிருக்கேன் காசி. அப்படியெல்லாம் ஒண்ணும் ஆவாது,” என்றார் டாக்டர்.

“மாட்டுக்குக் கோமாரி ஊசின்னதும் மொத ஆளா நின்னவன் அந்த ராஜாக்கண்ணு. அவன் மாடு கன்னு போடாமலா போச்சு?” என்றேன்.

இதற்கு டாக்டரும் சிரித்துவிட்டார். காசிக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்தான்.

“எங்க வூட்டுப் பொம்பளைங்க ஒருத்திக்கும் அந்த நோவு வந்ததில்லம்மா. எங்களுக்கு வாணாம்.”

“இது வம்சம் பாத்து வர்ற நோவு இல்ல,” என்றார் டாக்டர்.

அவன் கேட்கவில்லை. சிவசங்கரியை வரச் சொல்லிவிட்டு, செருப்பு மாட்ட வாசலுக்குப் போய்விட்டான்.

அவள் நாற்காலியைவிட்டு எழாமல் என்னைப் பார்த்தாள். அவளுக்கு அங்கேயே இருக்கும்படி கைகாட்டிவிட்டு நானும் வெளியே போனேன்.

“உங்கக்காவுக்கு வந்துச்சுடா.”

ஒரு காலில் செருப்போடு நின்றான்.

“அக்காவுக்குக் குடல் புண்ணுதானே மாமா?”

குடல் புண் என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்தான். கீழே பெரிய ஆஸ்பத்திரியில் நோயின் பெயரைச் சொன்ன அன்றே, பஸ் ஏறுவதற்கு முன்பு, மனைவி செல்லியம்மாள் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். தம்பிகிட்ட சொல்ற எடத்து நோவா இது என்று கேட்டாள்.

குடல் புண்ணுக்கு நல்லது என்று காசி வாரம் தவறாமல் இளநீர் சுமந்து வருவான். அவளும் மறுக்காமல் குடிப்பாள். அவள் போய் மூன்று வருடம்.

“இல்லடா,” என்றேன். அவன் செருப்பைக் கழற்றினான்.

திரும்பி வந்து, “போடுங்கம்மா,” என்றான்.

டாக்டருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. “நான் இவ்ளோ நேரம் சொன்னேன், கேக்கல. வாசல்ல இன்னா மந்திரம் போட்டீங்க?” என்று என்னைக் கேட்டார். சிரித்துவைத்தேன்.

சிவசங்கரி தானே சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள். காசி அவளுக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கண்களையும் பொத்தினான்.

“எனக்குப் பயமில்லப்பா. கைய எடு.”

ஊசி போட்டாயிற்று. பஞ்சை வைத்து அழுத்தியாயிற்று. டாக்டர் அடுத்த குழந்தையைக் கூப்பிட்டும் ஆயிற்று.

அவன் கையை எடுக்கவில்லை.