லிவர் பிடிக்கும் ஆள்

கேட்டைத் தொடும் முன்பே இன்ஜின் சத்தம் கேட்டது.

கை அப்படியே நின்றுவிட்டது. நான் வராமல் அது ஓடாது. ஓடக் கூடாது.

எழுபது எண்பது வருஷத்து ஆயில் இன்ஜின் அது. அதை ஸ்டார்ட் செய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே இருக்கும் லிவரைத் தூக்கிப் பிடித்தால்தான் ஹேண்டில் சுற்றும். இன்னொருவர் இரண்டு கையாலும் ஹேண்டிலைச் சுற்ற, வேகம் பிடித்ததும் லிவரைச் சட்டென்று விட வேண்டும்.

சுற்றுவது எல்லப்பன். ஊர் ஊராகப் போய் பம்ப்செட் ரிப்பேர் பார்த்தவர். மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. லிவர் பிடிப்பது நான், ரோஸி டீச்சர். முப்பத்து நான்கு வருஷம் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள்.

ஆரணியிலிருந்து செய்யாறு போகும் ரோட்டில், மூடிப்போன ரைஸ் மில்லின் தகரக் கொட்டகைதான் எங்கள் காட்சிக்கூடம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மெஷின், இரும்புக் கலப்பைகள், இந்த இன்ஜின். ஆரம்பித்தபோது ஐந்து பேர் இருந்தோம். ஒருவர் காலமானார், ஒருவர் மகனோடு அமெரிக்கா போனார், ஒருவருக்கு முழங்கால். மிச்சம் நாங்கள் இருவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கிறோம். போன வாரம் வந்த மூன்று பேரும் பாத்ரூம் எங்கே என்று கேட்டு வந்தவர்கள். அவர்களுக்கும் ஓட்டிக் காட்டினோம்.

கைப்பையில் வியாழக்கிழமை கோயம்புத்தூர் ரயிலுக்கு டிக்கெட் இருந்தது. மகள் வனிதா போட்டு அனுப்பியது. தனியாக எதற்கு அங்கே கிடக்கிறாய், என்னோடு வந்துவிடு என்று தினமும் போன் செய்வாள். நான் வந்துவிட்டால் லிவர் யார் பிடிப்பார்கள் என்று தினமும் சொல்வேன். அந்த இன்ஜினுக்கும் நீதான் அம்மாவா என்பாள்.

இந்த முறை சரி என்று சொல்லிவிட்டேன். நான் போய்விட்டால் எல்லப்பன் என்ன செய்வார் என்ற கவலையில் மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. இன்று எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான், சர்ச்சில் பூசை முடிவில் அறிவிப்பு வாசிக்கும்போதே எழுந்து, ஷேர் ஆட்டோ பிடித்து அரை மணி முன்னதாக வந்தேன்.

வந்தால் இன்ஜின் ஓடுகிறது.

யாரைப் பிடித்தார்? என் இடத்தில் யாரை நிறுத்தினார்? வெளியே அவருடைய மொபெட் மட்டும்தான் நின்றது. வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு. பக்கவாட்டு ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன்.

வேறு யாரும் இல்லை.

எல்லப்பன் இன்ஜினை நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் லிவரில் மாட்டியிருந்த ஒரு கயிற்றைக் கழற்ற ஆரம்பித்தார். பட்டு நூல் கழிவை முறுக்கித் திரித்த கயிறு. லிவரிலிருந்து மேலே போய், கூரைக் கம்பியில் வளைந்து, அவர் முகத்தளவுக்குத் தொங்கியது. நுனி மென்று மென்று நைந்திருந்தது.

கணக்கு டீச்சருக்கு ஒரு நிமிடம் போதும். நுனியைப் பல்லில் கடித்து இழுத்தால் லிவர் மேலே நிற்கும். இரண்டு கையும் ஹேண்டிலுக்கு. வேகம் பிடித்ததும் வாயைத் திறந்தால் லிவர் விழும்.

எந்த நிறத்துப் பட்டு என்றே தெரியாத அளவுக்குக் கயிறு கறுத்திருந்தது. ஒரு நாளில் அப்படிக் கறுக்காது.

நான் லிவர் பிடித்தால் முதல் தடவையிலேயே இன்ஜின் எழுந்துகொள்ளும். கைராசி என்பார். நானும் நம்பினேன். இன்ஜினைத் தொட்டால் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். தகரக் கூரை வெயிலை வாங்கிக் கீழே இறக்குகிறது என்று வருகிறவர்களுக்கு விளக்கம் வேறு சொல்லியிருக்கிறேன். மார்கழியிலும் சொல்லியிருக்கிறேன். சூடேறிய இன்ஜின் யார் லிவர் பிடித்தாலும் எழுந்துகொள்ளும்.

வெட்கமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவள் நான்தானே.

உள்ளே அவர் கயிற்றைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்தார். கை கழுவினார். சீப்பை எடுத்துத் தலை வாரினார். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, ஒன்றை மட்டும் தோள் துண்டால் துடைத்தார். துடைக்காததில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

எனக்குத்தான் யாரும் இல்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொட்டகையின் பின்பக்கமாகவே நடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்றேன். நல்ல வெயில். பத்தரைக்குத் திரும்பி வந்து, கேட்டைச் சத்தம் வரும்படி திறந்தேன்.

"வாங்க டீச்சர். உங்களுக்குத்தான் காத்துகினு கீறேன். நீங்க வரலன்னா இத்த யாரு எழுப்பறது?"

பார்க்க யாரும் வரவில்லை. இருந்தாலும் ஓட்டினோம். லிவரைத் தூக்கிப் பிடித்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, பெரிய பாரத்தைப் புரட்டுவது போல ஹேண்டிலைச் சுற்றினார். விட்டேன். எழுந்துகொண்டது.

"கைராசி டீச்சர்" என்றார். சட்டைப் பை புடைத்துக்கொண்டிருந்தது.

கைப்பையைத் திறந்தேன். டிக்கெட்டுக்குக் கீழே இருந்த கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு மூடினேன்.

பூட்டும்போது, அடுத்த வாரம் வருவீர்களா என்று கேட்டார். ஒவ்வொரு வாரமும் கேட்பதுதான்.

"வருவேன், எல்லப்பன். பூசை முழுக்க முடிச்சிகினு பத்தரைக்குத்தான் வருவேன். அதுக்கு முன்னால வரமாட்டேன்."