பாசிப் பெட்டி

மூன்றாவது ஷூ பெட்டியையும் காணவில்லை.

பீரோவின் அடித்தட்டுக்குள் கையை விட்டுத் துழாவினாள் பாசி அத்தை. தூசிதான் ஒட்டியது. இருபத்தாறு வருஷமாக ஈரச் சுவர், கிணற்று விளிம்பு என்று போன இடமெல்லாம் பாசியைச் சுரண்டி வந்து, காலண்டர் தாளில் மடித்து, இடமும் தேதியும் எழுதி வைத்த பொட்டலங்கள். நானூறுக்குக் குறையாது. தெருப் பிள்ளைகள் அவளுக்கு அந்தப் பெயரை வைத்ததே இதனால்தான்.

பெட்டிக்குக் கால் முளைக்குமா என்ன? வீட்டில் இருப்பது மூன்று பேர். மகனுக்குப் பாசி என்றால் வழுக்கி விழத்தான் தெரியும். மிச்சம் மருமகள்தான்.

ஒரு மாதமாகவே அவள் போக்கு சரியில்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. முன்பெல்லாம் வந்ததும் கைப்பையை வீசிவிட்டு டிவி முன்னால் உட்காருவாள். இப்போது என்னடா என்றால், "அத்தை, இது எந்தச் சுவர்ல எடுத்தது? எந்த வருஷம்?" என்று பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள். ஒவ்வொரு பொட்டலத்தையும் போட்டோ வேறு. பாசி அத்தைக்கு உச்சி குளிர்ந்துதான் போனது. இல்லையென்று சொல்ல முடியாது.

அப்புறம்தான் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு போன் பேச ஆரம்பித்தாள். "அத்தைக்கு மட்டும் இப்போ தெரிய வேணாம்" என்றது கதவிடுக்கில் தெளிவாகக் கேட்டது.

போன புதன்கிழமை சாப்பாட்டு மேஜை விரிப்புக்கு அடியில் ஒரு தாள் அகப்பட்டது. மருமகள் கையெழுத்து. தலைப்பு, 'முதுகலை உயிரியல் – என்னென்ன இருக்கு?'

நுண்ணுயிரியலை அடித்துவிட்டு, 'நாள் பூரா நிக்கணும், முழங்கால் தாங்காது' என்று எழுதியிருந்தாள். கடல் உயிரியலுக்கு நேரே 'படகு ஒத்துக்காது'. மரபியலுக்கு 'கம்ப்யூட்டர் வேலை ஜாஸ்தி'. கடைசியில் தாவரவியலைச் சுற்றிப் பெரிய வட்டம். பக்கத்தில், 'சொந்தச் சேகரிப்பு இருந்தால் தனி இடம்'.

பாசி அத்தை மகனைப் பிடித்தாள்.

"உன் பொண்டாட்டி மேல படிக்கப் போறாளாடா?"

"எனக்கென்னம்மா தெரியும்? அவளையே கேளு."

"லேப்ல காலையிலேர்ந்து நிக்கிறவளுக்கு முழங்கால் வலியாம். படிக்கட்டும், நான் வேணாங்கல. என் பாசியைக் காட்டி ஏன் படிக்கணும்?"

மகன் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனான். சிரிக்கிறானா? அவனும் கூட்டுதான்.

வயிறு எரிந்தது அவளுக்கு. முதல் வகுப்பில் பட்டம் வாங்கினவள் அவள். மேலே படிக்கிறேன் என்றபோது அப்பா சிரித்தார். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் சிரித்தார். அதோடு கேட்பதை விட்டுவிட்டாள். பாசியை மட்டும் விடவில்லை. இப்போது அதிலும் கை வைத்தாகிவிட்டது.

மூன்றாவது பெட்டியையும் தேடி ஓய்ந்த அன்று மதியம் வீட்டுப் போன் அடித்தது.

"பல்கலைக்கழகத் தாவரவியல் துறையிலிருந்து பேசறேம்மா. இந்த நம்பர் போட்டு ஒரு விண்ணப்பம் வந்திருக்கு. அவங்க..."

"அவ வேலைக்குப் போயிருக்கா. நான் வீட்டுப் பெரியவ. என்கிட்ட சொல்லுங்க."

"திங்கட்கிழமை நேர்காணல். சும்மா ஒரு முறைக்குத்தான். இப்படி ஒரு சேகரிப்பை எங்க துறையில யாருமே பார்த்ததில்ல. இடம் அவங்களுக்குத்தான்."

இருபத்தாறு வருஷத்தில் ஒருத்தர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. அதுவும் இன்னொருத்தி பெயரில் போகிறது.

"அந்தச் சேகரிப்பு அவளோடது இல்ல" என்றாள்.

"என்னம்மா சொல்றீங்க?"

"அடுத்தவங்க உழைப்பைத் தூக்கிட்டு வந்திருக்கா. நம்பலைன்னா விண்ணப்பத்தையும் ஒரு பொட்டலத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டு கையெழுத்தும் ஒண்ணான்னு எனக்குச் சொல்லுங்க."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"ஆமாம்மா. வேற வேற கையெழுத்துதான். நல்லவேளை சொன்னீங்க. இந்த மாதிரி ஆளை நாங்க சேர்க்கிறதில்ல. பேரை எடுத்துடறோம்."

போனை வைத்தாள். மனசு ஆறியது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, மருமகள் வந்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

சாயங்காலம் மருமகள் வந்தாள். மூன்று பெட்டிகளும் அவள் கையில். முகத்தில் ரத்தமே இல்லை.

"அத்தை, உங்ககிட்ட ஒரு விஷயத்தை மறைச்சுட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா? அவர் சொல்லிட்டாரா? முன்னாடியே சொன்னா, இந்த வயசுல எதுக்குன்னு நீங்க தட்டிக் கழிச்சிருப்பீங்க. அதான் உங்க முழங்காலுக்கு, உங்க உடம்புக்கு எது ஒத்து வரும்னு ஒரு மாசமா அலசிப் பார்த்து, உங்க பேர்ல நானே விண்ணப்பம் எழுதிப் போட்டேன். இடம் உறுதியானதும் சொல்லலாம்னு இருந்தேன்."

பாசி அத்தை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில வரைக்கும் உறுதின்னுதான் சொன்னாங்க. அங்க கொடுத்திருந்த பெட்டியைத் திருப்பி வாங்கப் போனா, யாரோ ஒரு அம்மா போன்ல உங்களைத் திருடின்னு சொல்லிட்டாங்களாம். விண்ணப்பத்துல இருக்கறது என் கையெழுத்துன்னு நான் எவ்வளவோ கெஞ்சினேன், நம்பல. அந்த இடத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டாங்க."

மருமகள் பெட்டிகளை மாமியார் மடியில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க மேல யாருக்கு அத்தை இவ்வளவு வயித்தெரிச்சல்?"