விட்டுப்போன பெயர்

"தானா விட்டுப்போச்சா, இல்ல யாராச்சும் விட்டாங்களா? அதை மட்டும் சொல்லு."

செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே வந்த அன்புசெல்வி, கல்யாணப் பத்திரிகையைத் தம்பி ஆனந்தராஜின் முன்னால் வீசினாள். தவளக்குப்பத்திலிருந்து ரெட்டியார்பாளையத்துக்கு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். வழியெல்லாம் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை.

இருக்காதா பின்னே? மணப்பெண் சுவேதாவுக்குச் சொந்த அத்தை அவள். பத்திரிகையில் தாய்மாமன் பேர் இருந்தது, சித்தப்பா பேர் இருந்தது, இன்னும் நடக்கப் பழகாத வாண்டின் பேர்கூட 'மழலைச் செல்வம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் பேர் இல்லை. அதைக் கண்டுபிடித்துச் சிரித்துக்கொண்டே காட்டியவள் அவளுடைய ஓரகத்தி. அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தம்பி மனைவி சிவசங்கரி தலையைக் குனிந்துகொண்டாள். கம்பெனி வேலைக்குப் போகிற சுவேதாதான் சமாதானம் சொல்ல வந்தாள்.

"ஃபைனல் பண்ணும்போது உங்க பேரு மிஸ் ஆயிடுச்சு அத்தை."

"இங்கிலீஷ்ல சொன்னா வலிக்காதா? பேருக்குக் காலா முளைச்சுது, தானா எழுந்து போக? யாரோ எடுத்திருக்காங்க."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அச்சகத்துப் புரூஃபை, வீட்டுக்கு மூத்தவள் என்று அவளிடம்தான் ஆனந்தராஜ் முதலில் கொடுத்தனுப்பினான். வரி வரியாகப் படித்து, திருத்தம் போட்டு, அவளே நேராக அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். அப்போது அவள் பேர் அதில் இருந்தது. கண்ணால் பார்த்தாள்.

தங்கை தனம் காபி கொண்டுவந்து வைத்தாள். புருஷன் செத்துப்போன இந்த இரண்டு வருஷமாக அண்ணன் வீட்டோடு இருப்பவள். கல்யாண வேலை பாதி அவள் தலையில்தான். அன்புசெல்வி காபியைத் தொடவில்லை.

நலங்கு வைக்க மட்டும் அத்தை வேண்டும், பேர் போட வேண்டாமா என்று கேட்டாள். புகுந்த வீட்டு மனிதர்களை எந்த முகத்தோடு கூட்டி வருவேன் என்று கேட்டாள். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கூடப் பொறந்தவ பேரை எடுக்க எந்தக் கைக்கு மனசு வந்துச்சோ, அந்தக் கை இந்தக் கல்யாணத்துல அட்சதை போடக் கூடாது. அது யாருன்னு சொல்லு, அப்பதான் நான் வருவேன்."

ஆனந்தராஜ் பீரோவைத் திறந்தான். பத்திரிகைக் கட்டோடு அச்சகத்திலிருந்து திரும்பி வந்த புரூஃப் தாளை எடுத்தான். தனம் அடுப்படிக்குள் போகும் வரை காத்திருந்துவிட்டு, அக்காவின் கையில் கொடுத்தான்.

'அத்தைமார்: அன்புசெல்வி, தனம்' என்ற வரியில், தனத்தின் பேரை அடிக்க இழுத்த சிவப்புக் கோடு பக்கத்துப் பேரின் மேலும் சேர்ந்து ஓடியிருந்தது. ஓரத்தில், அன்புசெல்வியின் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: 'மங்கல காரியத்தில் இது வேண்டாம். எடுத்துவிடவும்.'